ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ஏதென்ஸ்: நடத்துவது எப்படி

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘செவ்வியல் உலகம்’ என்று ஒரு பாடம் உண்டு. அது எப்படி முடியும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஏதென்சின் தலைவர் பெரிக்ளிஸ் பெயர், மக்களாட்சி என்ற சொல், சாக்ரடீஸ் குடித்த நஞ்சு, நான்கு ஒரு மதிப்பெண் வினா, ஒரு நெடுவினா. அடுத்த பாடம். கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பாடத்தை மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு வகுப்பையே பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் ஆக்கித்தான் நடத்துவேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் எப்படிச் செய்வது, என்னென்ன வாங்குவது என்று கேட்கிறார்கள். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மாசி முதல் வாரத்தில் வையுங்கள். தையில் சம்பா அறுவடை. பிள்ளைகள் சிலர் வயலுக்குப் போய்விடுவார்கள், சிலர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாசியில் வகுப்பு நிறைந்திருக்கும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த இலவச வேட்டி பல வீட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கும். பொங்கலுக்கு மாற்றிய பழைய பானை கொல்லைப்புறத்தில் கிடக்கும். இரண்டும் நமக்கு வேண்டும்.

முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். ‘பண்டைய கிரேக்கம்’ என்று பொதுவாக வைத்தால் மாரத்தான் போரும் (கி.மு. 490) அலெக்சாண்டர் சாவும் (கி.மு. 323) ஒரே மேடையில் வந்து நிற்கும். இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. நான் எடுப்பது கி.மு. 425. ஏதென்சுக்கும் இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவுக்கும் போர் நடக்கிறது. பெரிக்ளிஸ் கொள்ளை நோயில் இறந்து நான்கு ஆண்டு ஆகிவிட்டது. சாக்ரடீஸ் உயிரோடு தெருவில் நடமாடுகிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் ஒரு பிடிப்பு வரும்.

யார் யார் என்பதைக் குடம் சொல்லட்டும்

நாள் முழுவதும் நிற்பது இந்த ஒரு வேலையின் மேல்தான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

40 பிள்ளைகள் என்றால் 40 சீட்டு. என் கணக்கு இது: வாக்குரிமை உள்ள ஆண்கள் 6, அந்த வீட்டுப் பெண்கள் 6, சிறுவர் சிறுமியர் 10, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் 6, அடிமைகள் 12. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆனால் ஊரில் இருந்தவர்களில் வாக்களிக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவருக்குள் என்பதில் பெரிய சண்டை இல்லை. நம் கணக்கு அதற்குள் அடங்கும்.

சீட்டைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்து வந்து எடுக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலையை எடுத்தது சிறுபிள்ளைதான், அது பிள்ளைகளுக்கு முந்தைய பாடங்களிலேயே தெரியும். ஏதென்சிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். ஐந்நூறு பேர் கொண்ட மன்றத்துக்குப் பத்துக் குலப்பிரிவுகளிலிருந்து பிரிவுக்கு 50 பேர், 30 வயது ஆனவர்கள், குலுக்கலில் வருவார்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பயன்பட்டது அவரை வகைக் கொட்டை. வெள்ளை வந்தால் பதவி, கறுப்பு வந்தால் வீட்டுக்கு. போரை நடத்தும் தளபதிகளை மட்டும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். “ஏன் டீச்சர் அது மட்டும்?” என்று எவனாவது கேட்பான். பதில் சொல்லாதீர்கள், விட்டுவிடுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சீட்டில் ஆண் பெண் பார்க்கக் கூடாது. பெண்பிள்ளைக்கு வாக்குரிமை ஆண் வரட்டும், பையனுக்கு வீட்டுப் பெண் வரட்டும். வந்ததை மாற்றித் தரவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். ‘அடிமை’ சீட்டை ஆசிரியர் கையால் ஒரு பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். நம் பக்கம் எந்தத் தெருப் பிள்ளைக்கு எது போகிறது என்று வகுப்பு முழுவதும் கண்ணால் கணக்குப் பார்க்கும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இந்த வயல்களில் நடந்தது பல பிள்ளைகளின் வீட்டில் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட கதை. குலுக்கல் என்றால்தான் யாருக்கும் எதுவும் வரலாம் என்பது கண் முன்னால் நடக்கும். வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்: ஏதென்சின் அடிமை பெரும்பாலும் போரில் பிடிபட்டவர், அல்லது திரேஸ், கருங்கடல் பக்கத்திலிருந்து சந்தையில் வாங்கப்பட்டவர். விலை கொடுத்து வாங்கலாம், வாடகைக்கு விடலாம். நிகியாஸ் என்ற தளபதி வெள்ளிச் சுரங்கத்துக்கு 1,000 அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் என்று வாடகைக்கு விட்டிருந்தார். ஆறு ஓபல் ஒரு டிராக்மா.

அடிமைச் சீட்டு பன்னிரண்டிலும் ஒரே வேலையை எழுதாதீர்கள். சுரங்கம், வீட்டு வேலை, குயவர் பட்டறை, பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் என்று பிரியுங்கள். இரண்டு பேர் சிதிய வில்லாளிகள். ஊர்க் காவலுக்கு ஏதென்ஸ் அரசே வாங்கி வைத்திருந்த அடிமைகள் இவர்கள், இவர்களுக்கு ஒரு வேடிக்கையான வேலை காத்திருக்கிறது. கட்டட வேலைக்கு ஒருவரைப் போடுங்கள். அக்ரோபொலிஸ் குன்றில் எரெக்தியோன் கோயில் கட்டிய கூலிக் கணக்கு கல்லில் கிடைத்திருக்கிறது. குடிமகன், குடியேறி, அடிமை மூவருக்கும் அதே வேலைக்கு அதே ஒரு டிராக்மா நாள்கூலி. அடிமையின் கூலி எசமானருக்குத்தான் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடியேறிகளுக்கு நில உரிமை இல்லை. ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி, போர் வந்தால் படையில் சேர வேண்டும், வாக்கு மட்டும் கிடையாது. இந்தச் சீட்டு வந்த பிள்ளைகளுக்குக் கடை போட இடம் கொடுங்கள். ஊரில் கைத்தொழிலும் வணிகமும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான்.

உடை

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். நாலு முழ வேட்டி 14 வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தது போல இருக்கும். வேட்டியின் அகலம் தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வரும். நீளத்தைப் பாதியாக மடித்தால் உடம்பைச் சுற்றி வரும். இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, இடுப்பில் கயிறு கட்டினால் கிட்டோன் என்ற கிரேக்க உடை தயார். உழைப்பவர்களுக்கு வலத்தோள் ஊக்கைக் கழற்றிவிடுங்கள், கை வீசி வேலை செய்வதற்காக அவர்கள் அப்படித்தான் உடுத்தினார்கள். பெண் வேடத்துக்கு ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் சரியாக வரும்: மேல் விளிம்பை ஒரு சாண் வெளிப்பக்கம் மடித்து, அந்த மடிப்பில் தோள் ஊக்குகளைக் குத்துங்கள். கணுக்கால் வரை இறங்கும்.

எல்லாம் சீருடைக்கு மேலேதான். பெட்ஷீட் பூப்போட்டதாக, காவி நிறமாக, எதுவாக இருந்தாலும் சரி. வெள்ளைப் பளிங்குச் சிலைகளைப் பார்த்து அவர்கள் வெள்ளை மட்டுமே உடுத்தினார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சிலைகளுக்கே அன்று வண்ணம் தீட்டியிருந்தது.

தண்ணீர்க் கடிகாரம்

முந்தின நாளே செய்து வையுங்கள். ஏதென்ஸ் அகோராவில், அதாவது சந்தைத் திடலில், தோண்டியபோது கிடைத்த மண் தொட்டி ஒன்று உண்டு. அடியில் சிறு வெண்கலக் குழாய். 6.4 லிட்டர் பிடிக்கும், ஆறு நிமிடத்தில் காலியாகும். நீதிமன்றத்தில் ஒருவர் பேசுவதற்கான நேரத்தை இப்படித்தான் அளந்தார்கள்.

பானை செய்யும் வேளாரிடம் சொன்னால் அடியில் துளை விட்டே தொட்டி செய்து தருவார். அதற்கு நேரம் இல்லையென்றால் இரண்டு பெயின்ட் வாளி போதும். ஒன்றில், அடிக்கு ஒட்டிப் பக்கவாட்டில் ஆணியைச் சுட்டுத் துளை போடுங்கள். முதலில் சின்னத் துளை. ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். கடைசியில் துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர் பக்கம் வந்து நிற்கும். இரண்டு வாளியையும் உயரம் மாற்றி, ஒன்று ஸ்டூலிலும் ஒன்று தரையிலும் வைத்தால், மேல் வாளி கீழ் வாளிக்குள் வடியும், தண்ணீர் வீணாகாது. ஆவணம் வாசிக்கும்போது துளையை விரலால் அடைத்துவிடலாம், அங்கேயும் அப்படி நிறுத்துவது உண்டு. இந்தப் பொறுப்பை அடிமைச் சீட்டு வந்த ஒருவரிடம் கொடுங்கள்.

வாய்க்கால் வழக்கு

சாக்ரடீஸ் வழக்கை நடிக்க வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முடிவு தெரிந்த கதை, பிள்ளைகள் மனப்பாட வசனம்தான் பேசுவார்கள். நம் ஊருக்கென்றே எழுதியது போல ஒரு வழக்கு இருக்கிறது. டெமோஸ்தனிஸ் என்ற ஏதென்ஸ் பேச்சாளர் பெயரில் வந்திருக்கும் உரைகளில் ஒன்று அது. காலம் நம் ஆண்டுக்கு அடுத்த நூற்றாண்டுதான், இருந்தாலும் அதற்காக இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மலையடிவாரத்தில் இரண்டு நிலம், நடுவில் ஒரு பாதை. டெய்சியாஸ் என்பவர் தன் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார். அவர் இறந்து மகன் காலத்தில் பெரிய மழை. தண்ணீர் எதிர்நிலத்துக்காரரான காலிக்ளிஸ் பக்கம் புகுந்துவிட்டது. உன் அப்பா கட்டிய சுவர்தான் நீரோட்டத்தை அடைத்தது, 1,000 டிராக்மா கொடு என்கிறார் காலிக்ளிஸ். மகன் சொல்லும் பதில்: அது வாய்க்காலே இல்லை, எங்கள் நிலம். அங்கே மரம் இருக்கிறது, பழைய கல்லறை இருக்கிறது. வாய்க்காலில் யாராவது மரம் வைப்பார்களா, பிணம் புதைப்பார்களா? எங்கள் அப்பா இத்தனை வருடம் உயிரோடு இருந்தாரே, அப்போது ஏன் வாய் திறக்கவில்லை? குப்பையைக் கொட்டிப் பாதையை மேடாக்கியது நீங்கள்தான். நனைந்ததும் கொஞ்சம் பார்லியும் மாவும்தான், எண்ணெய்ச் சாடி சாய்ந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பைப் பாருங்கள். வரப்பை வெட்டினான், மடையை அடைத்தான் என்று தினம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். உரை எழுதித் தரவே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரு தாளில் இந்தச் செய்திகளை மட்டும் எழுதிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் யோசிக்க விடுங்கள். வாக்குரிமைச் சீட்டு வந்த ஆறு பேரில் இருவர் வழக்காளிகள், மீதி நால்வர் தீர்ப்பாளர்கள்.

விதிகள் சில. வக்கீல் கிடையாது, அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். வேண்டுமானால் காசு கொடுத்து உரை எழுதி வாங்கலாம், டெமோஸ்தனிஸ் செய்த தொழிலே அதுதான். குடியேறிச் சீட்டு வந்த ஒரு பிள்ளையை உரை எழுதுபவராக வையுங்கள், லிசியாஸ் என்ற பெயர்பெற்ற உரையாசிரியர் குடியேறிதான். நீதிபதி என்று மேலே யாரும் இல்லை. 1,000 டிராக்மா வரையுள்ள வழக்குக்கு 201 பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கூடிப் பேசி முடிவெடுப்பது கிடையாது, கேட்டு முடித்ததும் நேராக வாக்கு. நம் பிள்ளைகள் உடனே குசுகுசுவென்று பேச ஆரம்பிப்பார்கள், தடுத்துவிடுங்கள். இரண்டு செம்பு வையுங்கள், ஒன்று வழக்குத் தொடுத்தவருக்கு, ஒன்று எதிராளிக்கு. ஆளுக்கு ஒரு கூழாங்கல். சமமாக விழுந்தால் எதிராளி தப்பினார். தீர்ப்பாளருக்கு நாள்படி மூன்று ஓபல். புளியங்கொட்டை மூன்று எண்ணிக் கொடுங்கள். சில்லறையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு போவது ஏதென்ஸ்காரர்கள் வழக்கம். இதைச் சொன்னால் ஒருவன் புளியங்கொட்டையை வாயில் போடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். அந்த உரையில் மகன் ஒன்று சொல்கிறார். என் தாயும் அவர்கள் தாயும் நெருங்கிப் பழகியவர்கள். சேதம் நடந்ததும் என் அம்மா போய்ப் பார்த்தார், என்ன நனைந்தது, எவ்வளவு என்று அந்தம்மாவே சொன்னார். அதாவது வழக்கில் உண்மை முழுதும் தெரிந்தவர்கள் இரண்டு பெண்கள். ஆனால் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பெண் சாட்சி சொல்ல முடியாது. அவர்கள் சொன்னதை மகன்தான் வந்து சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு தாய்மார்களை வகுப்பறைக்கு வெளியே ஜன்னலோரம் உட்கார வையுங்கள். எல்லாம் காதில் விழ வேண்டும், ஒரு சொல் பேசக் கூடாது. என்ன நனைந்தது என்ற கணக்கை எழுதிய சீட்டு அவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். குலுக்கலில் வீட்டுப் பெண் சீட்டு பையன்களுக்கு விழுந்து, அவர்களே தாய்மார்களாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஒருவன் பொய்க்கணக்குச் சொல்லும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் படும் பாடு இருக்கிறதே, நெடுவினாவுக்கு நான் எழுதிப்போட்ட பதில்களில் அது ஒருபோதும் வந்ததில்லை.

அடிமையின் சாட்சியம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: சித்திரவதை செய்து பெற்றதானால் மட்டுமே அது செல்லும் என்பது சட்டம். வாயால் சொல்வதோடு நிறுத்துங்கள். நடித்துக் காட்ட எதுவும் இல்லை.

தீர்ப்பு யார் பக்கம் என்று பழைய உரையில் இல்லை. பிள்ளைகள் போட்டதுதான் தீர்ப்பு.

பெண்கள் பக்கம்

வழக்கு நடக்கும் நேரத்தில் மற்ற நான்கு வீட்டுப் பெண்களுக்கும் வேலை வேண்டும். தக்களி கிடைத்தால் கொண்டுவாருங்கள். பழைய ஆதாரப் பள்ளிகளில் படித்தவர்கள் வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். கிரேக்கப் பெண்கள் கம்பளி நூற்றதும் இதே வகைக் கதிரில்தான். பஞ்சில் நூற்கட்டும். ஒரு சாண் நூல் அறுந்து போகாமல் வருவதற்குள் கை வலிக்கும். அப்புறம் அவர்கள் உடுத்தியிருக்கும் வேட்டியைக் காட்டி, இதற்கு எவ்வளவு நூல் என்று கேளுங்கள். அவர்கள் உடுத்திய துணியில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களும் அடிமைப் பெண்களும் நூற்று, களிமண் குண்டு தொங்கும் தறியில் நெய்தது.

சொல்ல வேண்டியதைச் சுருக்கிச் சொல்லுங்கள். பெண்ணுக்கு எப்போதும் ஓர் ஆண் பொறுப்பாளர்: தந்தை, பிறகு கணவன், பிறகு மகன். மெடிம்னோஸ் என்ற தானிய அளவில் ஒன்று பார்லியின் விலைக்கு மேல் அவளாக ஒரு பேரம் முடிக்க முடியாது. திருமணத்தின்போது பெண்ணுக்கு 14, 15 வயது, மாப்பிள்ளைக்கு 30 பக்கம். உங்கள் முன் இருப்பது அதே வயதுப் பிள்ளைகள், அதனால் இங்கே சட்டப்படி 18 என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு மேலே போங்கள். ஆனால் எல்லாப் பெண்களும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஏழைப் பெண்கள் சந்தையில் ரொட்டியும் கீரையும் ரிப்பனும் விற்றார்கள். அதீனா கோயிலில் பெண் பூசாரி. தெஸ்மோபோரியா என்ற மூன்று நாள் திருவிழாவில் ஆண்களுக்கு இடமே கிடையாது.

சிறுவர்களைப் பழைய சிலேட்டோடு ஒரு மூலையில் உட்கார வைத்து எழுத்தும் பாட்டும் படிக்கவிடுங்கள். மெழுகு பூசிய பலகைக்குப் பதில் சிலேட்டு. பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடிமை பக்கத்தில் நிற்பார். சிறுமிகள் தக்களிப் பக்கம் போய்விட வேண்டும், அவர்களுக்குப் பள்ளி இல்லை. அங்கே அரசுப் பள்ளி என்ற ஒன்றும் இல்லை, எல்லாம் சம்பளம் கட்டிப் படிப்பதுதான்.

சாப்பாடு

நாள் நினைவில் நிற்பது சாப்பாட்டால் என்பது என் அனுபவம். ஒன்றரைக் கிலோ பார்லியைப் பொன்னிறமாக வறுத்து மாவாக்குங்கள். மில்லில் கோதுமைக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிட்டால், அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடும். மாவில் கொஞ்சம் உப்பு, தேன், எண்ணெய், தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டினால் மாஸா. ஏழையின் அன்றாட உணவு அது, அடுப்பே வேண்டாம். கோதுமை ரொட்டி கொஞ்சம் வசதியானவர்களுக்கு.

தொட்டுக்கொள்ள மைசூர்ப் பருப்புக் கடைசல்: பருப்பு, வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி, உப்பு, கடைசியில் ஒரு கரண்டி வினிகர். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புளி, எலுமிச்சை, சர்க்கரை எதுவும் கிட்டே வரக் கூடாது. மிளகுகூட அவர்களுக்கு அப்போது இந்தியாவிலிருந்து வந்த மருந்துச் சரக்குதான். ஆலிவ் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி, எல்லோரும் முகர்ந்து பார்க்கட்டும். பிசைவதற்கு நல்லெண்ணெய் போதும். அவர்கள் அந்த எண்ணெயைச் சாப்பிட்டார்கள், விளக்கெரித்தார்கள், உடம்பில் தேய்த்து வளைந்த உலோகக் கரண்டியால் அழுக்கோடு வழித்தெடுத்தார்கள். மீன் பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக நாகப்பட்டினம் கருவாடு கொஞ்சம் வறுத்து வையுங்கள். கருங்கடலிலிருந்து உப்பு மீன் ஏதென்சுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. கடைசியில் உலர்ந்த அத்திப்பழம், வறுத்த கொண்டைக்கடலை.

ஆட்டிறைச்சி பெரும்பாலும் பலி கொடுத்த நாளில் மட்டும்தான். பலியாட்டின் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையை அசைக்கும்வரை நிற்பார்கள் என்று சொல்லுங்கள். வகுப்பே திரும்பி ஒருவரையொருவர் பார்க்கும். நம் கோயிலிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆடு சிலுப்பினால்தானே உத்தரவு?

ஒயினுக்குப் பதில் பன்னீர் திராட்சைச் சாறு. ஒரு பங்கு சாறுக்கு மூன்று பங்கு தண்ணீர். தண்ணீர் கலக்காமல் குடிப்பவனை நாகரிகம் இல்லாதவன் என்றே பார்த்தார்கள். வாக்குரிமை ஆண்கள் ஆறு பேரும் பாயில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து கொள்ளட்டும், அடிமைகள் பரிமாறட்டும், வீட்டுப் பெண்கள் அடுத்த அறையில். இதைப் பத்து நிமிடம் மட்டும். அதன் பிறகு வேடத்தைக் கலைத்துவிட்டு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சத்துணவுச் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். மாஸாவை மட்டும் நம்பி ஒன்பதாம் வகுப்பைப் பிற்பகல் வரை வைத்திருக்க முடியாது. “டீச்சர், இதுக்கு நம்ம சத்துமாவே பரவாயில்லை” என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

சிவப்புக் கயிறு

பிற்பகலுக்கு மக்கள் அவை. இரண்டு வில்லாளிகளிடமும் ஒரு நீளக் கயிற்றைக் கொடுங்கள். கோலத்துக்கு இடும் செங்காவியில் தோய்த்தது, ஈரமாக இருக்க வேண்டும். ஏதென்சில் அவை கூடும் நேரத்தில் சந்தையில் வம்பளந்து கொண்டிருப்பவர்களை இப்படிச் சாயக் கயிற்றை வீசிப் பிடித்துத்தான் விரட்டினார்கள். அரிஸ்டோஃபனிஸ் நாடகம் ஒன்றில், நம் கி.மு. 425-இலேயே மேடை ஏறியது, இந்தக் கயிறு வருகிறது. அடிமை கயிற்றோடு விரட்ட, குடிமக்கள் ஓடுவார்கள். துணியில் கறை பட்டவன் சோம்பேறி. விளையாட்டு மைதானத்தில் செய்யுங்கள், வகுப்பறைச் சுவர் பாவம்.

பேசுபொருளும் அந்த ஆண்டுடையதே. ஸ்பார்ட்டாவின் வீரர்கள் ஒரு தீவில் மாட்டிக்கொண்டார்கள். சமாதானம் பேச ஸ்பார்ட்டா தூதரை அனுப்புகிறது. ஏற்பதா, விடுவதா? அறிவிப்பாளர் எழுந்து “யார் பேச விரும்புகிறீர்கள்?” என்று கேட்க வேண்டும், அதுதான் அவையின் முறை. ஆறு பேரில் யாரும் பேசலாம். மற்ற 34 பேரும் கயிற்றுக்கு வெளியே. கை தூக்கி வாக்கு. முடிந்த பின்பே உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள்: கிளியோன் என்ற தலைவரின் பேச்சைக் கேட்டு சமாதானத்தைத் தட்டிக்கழித்தார்கள். 292 பேரை உயிரோடு பிடித்தார்கள். போர் கி.மு. 404 வரை இழுத்தது, கடைசியில் தோற்றது ஏதென்ஸ்.

அதற்குப் பிறகு பானையோட்டு வாக்கு. பழைய பானையை உடைத்து, உள்ளங்கை அகலச் சில்லுகளாக்கி, ஆணியால் பெயர் கீறவேண்டும். 6,000 சில்லு சேர்ந்தால், அதிகம் பெயர் வந்தவர் பத்தாண்டு ஊரை விட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது. ஒரு கட்டாய விதி: வகுப்புப் பிள்ளைகள் பெயரை எழுத விடாதீர்கள். வேடிக்கையாக ஆரம்பிக்கும், அழுகையில் முடியும், மறுநாள் பெற்றோர் வருவார்கள். கிளியோன், நிகியாஸ் என்று பலகையில் எழுதிப்போட்ட பெயர்களுக்குள் மட்டும். ஓரத்தில் கூர் இல்லாமல் தேய்த்த சில்லாகக் கொடுங்கள். அக்ரோபொலிஸ் வடசரிவுக் கிணறு ஒன்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 சில்லு கிடைத்தது, எழுதிய கை 14 தான். யாரோ முன்கூட்டியே மொத்தமாக எழுதி வைத்து ஆட்களுக்கு விநியோகித்திருக்கிறார்கள். இதற்கு விளக்கம் சொல்லத் தேவையே இல்லை, நம் ஊரில் தேர்தல் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

மணி அடிப்பதற்குப் பதில் நிழலை அளந்து முடியுங்கள். நிழல் பத்தடி ஆகும்போது விருந்துக்கு வா என்பது ஏதென்ஸ் பேச்சு வழக்கு. அவரவர் நிழலை அவரவர் பாதத்தால் அளக்கலாம். மாசியில் நம் பக்கம் அது நான்கு மணியை ஒட்டி வரும், பள்ளி விடும் நேரமும் அதுதான்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “பூம்புகார்ல இருந்த யவனர் இவங்கதானா?” சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருப்பைச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் நம் கடற்கரைக்கு வந்த வணிகர்கள் ரோமப் பேரரசுக் காலத்தவர்கள், பலர் எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழிக்காரர்கள். பெரிக்ளிஸ் இறந்து நானூறு ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு வந்தவர்கள். முசிறிக்குப் போய்வந்த ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கைச் சொல்லும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுத் தாள் கிரேக்கத்தில்தான் எழுதியிருக்கிறது. அதையெல்லாம் இதே நாளில் திணித்தால் ஆண்டுக் கணக்கு குழம்பும். தனியாக ஒரு சனிக்கிழமை வைத்து, பூம்புகார் கலைக்கூடத்துக்கும் கடற்கரைக்கும் கூட்டிப் போங்கள். காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது.